சின்ன கேம்ப்புக்குச் சொல்லாமலும் போகாதீர்கள், இடம் மாறியும் போகாதீர்கள்

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 3 பைக்கில் 5 பேர் கிளம்பினோம். ஆந்திர எல்லையோரம் இருக்கும் ஊத்துக்கோட்டை தாண்டி, ஒரு தோப்புக்குள் டென்ட் போட்டிருக்கும் சின்ன கேம்ப்பில் ராத்திரி தங்குவதாகத் திட்டம். பத்தே முக்கால் மணிக்கு ஒரு மண் ரோட்டின் முடிவில் மூங்கில் படல் இருந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை உள்ளே விட்டோம். மாமரங்கள், ஒரு பம்ப் செட் ரூம், தூரத்தில் ஒரு பல்ப். இதுதான் இடம் என்று எல்லாருக்குமே தோன்றியது. அப்போதுதான் 2 நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. பின்னாலேயே ஒரு பாட்டி வந்தார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அரிவாள்.

"யாருப்பா நீங்க? இந்த நேரத்துல எதுக்கு உள்ள வந்தீங்க?"

அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் டார்ச் வெளிச்சம் எங்கள் முகத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. கை நடுங்குகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கேம்ப் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர், கால்வாய்க்கு அந்தப் பக்கம். அவருடைய பேரன் டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் போய் வழி காட்டினான். கேம்ப் நடத்துபவர் தூங்கிவிட்டிருந்தார். 7 மணிக்கு வந்துவிடுவோம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அதற்கப்புறம் ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகு நிறைய சின்ன கேம்ப்புகளுக்குப் போய்விட்டேன். நடத்துபவர்களிடம் உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். நம் பக்கத்துப் பசங்கள், குடும்பங்கள் எல்லாரும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. எல்லாமே கிளம்புவதற்கு முன்னாலேயே சரிசெய்துவிடக்கூடியவை.

அது லாட்ஜ் இல்லை

பெரியமேட்டில் எந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினாலும் ஏதாவது ஒரு லாட்ஜில் ரூம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில்தான் "போனா பாத்துக்கலாம் மச்சி" என்று கிளம்புகிறோம். சின்ன கேம்ப் என்பது வேறு. பெரும்பாலும் ஒரு விவசாயக் குடும்பம் தன் நிலத்தில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து நாலைந்து டென்ட் போட்டிருக்கும். 2 கழிப்பறை, ஒரு தண்ணீர் டேங்க். சமையல் அந்த வீட்டு அடுப்பில்தான். ரிசப்ஷனும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது. பல இடங்களில் பெயர்ப் பலகைகூட இருக்காது.

ஒருமுறை நான் அப்படி ஒரு கேம்ப்பில் இருந்தபோது, நாங்கள் 8 பேர் சொல்லிவிட்டு வந்திருந்தோம். சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் ஒரு காரில் 4 பேர் வந்து இறங்கினார்கள். போன் இல்லை, அட்வான்ஸ் இல்லை. போன வருஷம் வந்தோம், ஞாபகம் இருக்கா என்று கேட்டார்கள். கேம்ப் நடத்தும் அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஊத்துக்கோட்டை பஜாரிலிருந்து காலையில் வாங்கிவந்த கோழி 8 பேர் கணக்குக்குத்தான். கடைசியில் எல்லாருக்கும் குழம்பு வந்தது. வீட்டில் இருந்த 3 பேரும் மதியம் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டதை நான் கை கழுவப் போனபோது பார்த்தேன். அவர்களுடைய பெண் பிள்ளைக்கு மறுநாள் ஏதோ பரீட்சை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்களால் "இடம் இல்லை, போங்க" என்று சொல்ல முடியாது. வீட்டு வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது நம் ஊர்ப் பழக்கத்திலேயே இல்லை. அதனால்தான் சொல்லாமல் போவது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. மறுக்க முடியாதவரிடம் போய் நிற்கிறோம்.

இன்னொன்று. போனில் கேட்டால் "வாங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். அதை புக்கிங் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மரியாதைக்குச் சொல்வது. தேதி, எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, எத்தனை டென்ட், எந்த வேளைச் சாப்பாடு, சைவமா அசைவமா, எத்தனை மணிக்கு வருவோம் என்று எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் போடுங்கள். முடிந்தால் தமிழிலேயே குரல் பதிவாக அனுப்புங்கள். வயலில் இருப்பவர்களுக்கு அதுதான் வசதி. அட்வான்ஸ் கொஞ்சம் கூகுள் பேயில் போட்டுவிடுங்கள். அவர் "சரி" என்று பதில் சொன்னால்தான் கணக்கு. ப்ளூ டிக் விழுந்ததைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் இருக்கும் சொந்தக்காரரைக் கூட்டிப் போவதானால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சின்ன இடங்கள் பலவற்றில் அதற்கு வழி இருக்காது. ராத்திரி வாசலில் நின்றுகொண்டு அதைப் பேசுவது இரண்டு பக்கமும் சங்கடம்.

பெயரை நம்பி வண்டியை எடுப்பது

இடம் மாறிப் போவதில் பாதி, பெயரால் வருகிறது. நாகலாபுரம் என்று தேடினால் ஆந்திராவில், ஊத்துக்கோட்டைக்கு வடமேற்கே ஒன்று இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளம் பக்கமும் ஒன்று இருக்கிறது. தடா அருவி என்று நாம் சொல்வது உப்பலமடுகு. சூலூர்பேட்டை மின்ரயிலில் ஏறி தடா ஸ்டேஷனில் இறங்கினால் அங்கே அருவி கிடையாது. மேற்கே வரதய்யபாளையம் தாண்டிப் போக வேண்டும். கேம்ப்புகளின் பெயர்களும் அப்படித்தான். ரிவர், ஹில், வ்யூ என்ற 3 வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பல பேர் வைத்திருக்கிறார்கள்.

அதனால் லொகேஷன் கேட்கிறோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸப்பில் "தற்போதைய இருப்பிடம்" என்று அனுப்பினால், அனுப்பும் நேரத்தில் அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடம்தான் வரும். எனக்கே ஒருமுறை அப்படி வந்த லொகேஷன் என்னைக் கோழிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கேம்ப்காரர் கடையில் நின்றபடி அனுப்பியிருந்தார். "அண்ணே, கேம்ப்ல இருக்கும்போது அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

நாங்கள் பாட்டியின் தோப்புக்குள் போய் நின்றதற்குக் காரணம் வேறு. கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா கால்வாய் ஊத்துக்கோட்டை பக்கத்தில் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி ஏரியில் சேர்கிறது. அங்கிருந்து புழல் வந்து நம் வீட்டுக் குழாய்க்கு வருகிற தண்ணீர்தான். அந்தக் கால்வாயைக் கண்ட இடத்தில் தாண்ட முடியாது, பாலம் இருக்கும் இடத்தில்தான் தாண்ட முடியும். மேப்பில் பார்த்தால் கேம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போன் டவர் விட்டுவிட்டுக் கிடைத்ததால் மேப் ஒழுங்காக நகரவில்லை. நாங்கள் கால்வாயின் இந்தக் கரையிலேயே கிட்டே தெரிந்த வெளிச்சத்தை நோக்கிப் போய்விட்டோம்.

இப்போது நான் லொகேஷனை மட்டும் வாங்குவதில்லை. கடைசி 2 கிலோமீட்டருக்கு வாய்வழி கேட்டு எழுதிக்கொள்கிறேன். எந்தக் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும், பாலத்துக்கு முன்னாலா பின்னாலா, தண்ணீர் டேங்க் எந்தக் கைப்பக்கம், கேட் என்ன நிறம், நாய் இருக்கிறதா. பகலில் எடுத்த கேட் போட்டோ ஒன்றும் கேட்பேன். வீட்டிலேயே அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்வேன். ஊத்துக்கோட்டையில் டவர் நன்றாக இருக்கும்போதே ஒரு போன்: "அண்ணே, பஜார் வந்துட்டோம்."

கிளம்பும் நேரம்

வடசென்னைக்காரர்களுக்கு இது தனிக் கஷ்டம். மேப் ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி பக்கமோ கண்டெய்னர் லாரி வரிசையில் சிக்கினால் மாதவரம் ரவுண்டானா வருவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு என்று போய், பெரியபாளையம் வழியாகத் திரும்பினால் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி அம்மன் கோயில் கூட்டம். செவ்வாய்க்கிழமை தச்சூர் பக்கம் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகும் கார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டுப் பசங்கள் பலர் ட்ரிப் போவது அப்போதுதான். அந்த வெயிலில் மதியம் கிளம்ப மனசு வராமல் சாயங்காலம் கிளம்பி, ராத்திரி போய்ச் சேருகிறார்கள்.

மேப் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆரணியாற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும், அதைக் கேம்ப்காரரிடம் அன்று காலையே கேட்டுவிட வேண்டும். தாமதமானால் தாமதம் என்று சொல்லிவிடுங்கள். 8 மணிக்கு வருவோம் என்று தெரிந்தால் அவர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

இடம் மாறிப் போய்விட்டால்

கேட்டைத் திறக்கவே கூடாது. நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். வெளியே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெட்லைட்டையும் அணைத்துவிடுங்கள். எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், முகம் தெரியட்டும். ஹாரன் அடிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் கேட் பக்கத்தில் நின்று "வீட்ல யாருங்க?" என்று குரல் கொடுத்தால் போதும். கூட்டத்தில் பெண்கள் இருந்தால் அவர்கள் பேசட்டும். உள்ளே இருப்பவருக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விடும். ஊர் பேரைச் சொல்லி, எந்த கேம்ப் தேடுகிறோம் என்று சொல்லி, கேம்ப்காரர் நம்பருக்குப் போன் போட்டு அவரையே பேச வையுங்கள். சுற்று வட்டாரத்தில் ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கும்.

எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள், பேச்சு ஒரு பிரச்சினை இல்லை. சந்தேகம்தான் பிரச்சினை. சித்தூர், திருப்பதி பக்கத்துக் காடுகளில் செம்மரம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கம் ராத்திரியில் வழி தவறிக் காட்டோரம் சுற்றுவதை நான் விளையாட்டாக நினைப்பதில்லை.

இடம் கிடைக்கவில்லை என்று காலியாகத் தெரிகிற நிலத்தில் டென்ட் போடவும் கூடாது. இருட்டில் அது நாற்றங்காலா, சுடுகாடா, காப்புக்காட்டு எல்லையா என்று தெரியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மலையேற்றம் வேண்டும் என்றால் வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்யலாம். நம் பக்கத்துப் பூண்டி அருகே இருக்கும் குடியம் குகைக்கும் அதில் பாதை இருக்கிறது. வழியே கிடைக்காவிட்டால் பஜாருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில் விடியும் வரை உட்கார்ந்திருப்பது மேல்.

வர முடியாமல் போனாலும் ஒரு போன் வேண்டும். மழை, லீவு கிடைக்கவில்லை, வண்டி பஞ்சர், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு கேம்ப்காரர் என்னிடம் சொன்னார்: சொல்லாமல் வராமல் இருந்தவர்களுக்காக ராத்திரி 1 மணி வரை கேட் பல்பைப் போட்டு, நாயைக் கட்டிவைத்து உட்கார்ந்திருந்தாராம். நாய் கட்டிக் கிடந்த அந்த ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போயிருந்தது.

எங்கள் கதையில், மறுநாள் காலை திரும்பும்போது பாட்டி வீட்டுக்குப் போனோம். நாங்கள் இருட்டில் இழுத்ததில் படலின் ஒரு பக்கக் கட்டு அவிழ்ந்திருந்தது. பேரன் கயிறு கொடுத்தான், கட்டிக்கொடுத்தோம். பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அடுத்த தடவ வெளிச்சத்துல வாங்கப்பா" என்றார்.