கலாநிதிப் படிப்புக்குத் தனியார் புலமைப்பரிசில்: முதலில் தகைமையைப் பாருங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளே, பணத்தொகையைப் பார்க்குமுன் தகைமை விதியை வாசியுங்கள். அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் புலமைப்பரிசில் 5 வருடம் வரை கிடைக்கும். ஆனால் அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும். அதில் நேரத்தை வீணாக்கவேண்டாம்.

பெண்பிள்ளைகளுக்கு, ஷ்லம்பர்ஜர் அறக்கட்டளை 2004இல் தொடங்கிய ‘ஃபாகல்ட்டி ஃபோர் த ஃபியூச்சர்’ புலமைப்பரிசில் பொருந்தும். வளர்முக நாட்டுப் பெண்கள் வெளிநாட்டில் அறிவியல், பொறியியல் ஆய்வு செய்வதற்கானது அது. பல்கலைக்கழக அனுமதிக்கான வேலையை முன்கூட்டியே தொடங்குங்கள். விண்ணப்பத்தில், நாடு திரும்பி என்ன செய்வீர்கள் என்ற பகுதிதான் முக்கியம். “சமூகத்துக்குச் சேவை செய்வேன்” என்றால் எடுபடாது. வவுனியாக் கிணற்று நீரா, சிறுநீரக நோயா, எந்த ஆய்வுகூடத்தில், எந்தப் பாடம் கற்பிப்பீர்கள் என்று குறிப்பாக எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் ஆங்கிலப் பெயரெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இடப்பெயர்வுக்குப் பின் மறுபிரதி எடுத்தவர்கள் கட்டாயம் பாருங்கள். திருத்தம் எடுக்க நாள் செல்லும். பரிந்துரைக் கடிதம் எழுதும் விரிவுரையாளருக்கு 6 கிழமையாவது கொடுங்கள்.