உரோமையைச் சேராத கத்தோலிக்கச் சபை: சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உரோமையோடு ஒன்றிப்பில் இல்லாத சிறிய கத்தோலிக்கச் சபையை அணுகினால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஆயரின் வழிமரபுப் பட்டியல். யார் யார்மேல் கைகளை வைத்து ஆயராக்கினார் என்று பல நூற்றாண்டுகளுக்குப் பெயர்கள் நீளும். அதைக் கடைசிப் பெயரிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். பழங்காலப் பெயர்களில் சிக்கல் குறைவு. கடைசி மூன்று நான்கு பெயர்களில்தான் பட்டியல் உடையும்.

அந்த ஒவ்வொரு திருநிலைப்பாட்டுக்கும் (கைகளை வைத்து ஆயராக்கும் சடங்குக்கும்) நாள், இடம், நடத்திய ஆயர், பயன்படுத்திய சடங்கு நூல், சாட்சிகள் கையெழுத்திட்ட சான்றிதழ் ஆகியவற்றைக் கேளுங்கள். ஓர் ஆயர் மட்டும் நடத்தினாலும் செல்லும் என்பதே கத்தோலிக்க மரபு. ஆனாலும் மூவர் நிற்பது நெடுநாள் வழக்கம். ஒருவரின் நிலையில் ஐயம் வந்தாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆயர் பலமுறை "நிபந்தனையோடு", அதாவது முன்பு பெற்றது செல்லாமல் இருந்தால் இது செல்லட்டும் என்று, திருநிலைப்பாடு பெற்றிருந்தால், முதலில் பெற்றதில் என்ன ஐயம் என்று நேராகக் கேளுங்கள். வழிகள் பல சேர்ந்ததால் உறுதி கூடிவிடாது.

அடிக்கடி காதில் விழும் பெயர் நெதர்லாந்து நகரமான உட்ரெக்ட். 1724-இல் ஆயர் வர்லே, கொர்னேலியுஸ் ஸ்டீனோவனை உரோமையின் ஒப்புதல் இன்றி உட்ரெக்ட் பேராயராகத் திருநிலைப்படுத்தினார். 1889-இல், உரோமையிலிருந்து பிரிந்த "பழைய கத்தோலிக்கர்" சபைகளின் உட்ரெக்ட் ஒன்றியம் உருவானது. ஆனால் "உட்ரெக்ட் வழி" என்று சொல்பவர்களில் பலர், 1908-இல் அங்கே ஆயராகி 1910-இல் பிரிந்துபோன ஆர்னல்ட் ஹாரிஸ் மாத்யூ மூலம் வந்தவர்கள். வழி அங்கிருந்து வந்தது என்பதும், இன்று அந்த ஒன்றியத்தில் உறுப்பினர் என்பதும் வேறு வேறு. ஒன்றியத்துக்கே எழுதிக் கேட்டால் தெளிவாகிவிடும். இன்னொரு வழி ஜோசப் ரெனே வில்லாத்: அமெரிக்காவில் பணியாற்றி, 1892-இல் கொழும்பில் சிரிய மரபுவழி ஆயர் ஆல்வாரஸ் கையால் ஆயரானவர். மூன்றாவது, உரோமை ஆயராக இருந்து 1945-இல் பிரேசிலில் தனிச் சபை தொடங்கிய கார்லோஸ் துவார்த்தே கோஸ்தா. அவர் பெற்ற திருநிலைப்பாடு உரோமைச் சபைக்குள்ளேயே நடந்தது. அதனால் அங்கே அவருக்குப் பின்வந்த பெயர்களைச் சோதித்தால் போதும்.

திருத்தந்தையின் ஆணையின்றி ஆயரை ஏற்படுத்தினால், நடத்தியவரும் பெற்றவரும் சபைவிலக்குக்கு ஆளாவார்கள் என்கிறது உரோமைச் சட்டம். திருநிலைப்பாடு செல்லுமா என்பது அதிலிருந்து தனிக் கேள்வி. இரண்டையும் குழப்பிப் பேசுபவரிடம் விளக்கம் கேட்டுப் பயனில்லை.

திருமுழுக்கு எளிது: தண்ணீர், "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்ற வாய்பாடு, திருச்சபை கருதுவதைச் செய்யும் எண்ணம். "நான்" என்பதை "நாங்கள்" என்று மாற்றினால் செல்லாது என 2020-இல் வத்திக்கான் அறிவித்தது. திருமணம் கடினம். மணமக்களில் ஒருவர் உரோமைக் கத்தோலிக்கராக இருந்தாலும், விதிவிலக்கு பெறாமல் இங்கே நடக்கும் திருமணத்தை உரோமை பொதுவாகச் செல்லாததாகவே கொள்ளும். அரசுப் பதிவையும் தனியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வழிமரபைவிட முக்கியம் என்று நாங்கள் கருதுவது பொறுப்புக்கூறல். எழுதிய அமைப்புச் சட்டம் இருக்கிறதா? ஆயர் தவறினால் விசாரிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம்? வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து உண்டா? கட்டடம் ஆயரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் இறந்ததும் அது வாரிசுகளுக்குப் போய், சபை தெருவில் நிற்கும். குருவானவர் முன்பு வேறு மறைமாவட்டத்தில் இருந்தவர் என்றால், ஏன் விலகினார் என்று அங்கேயே விசாரியுங்கள். குழந்தைகளோடு பழகும் எவருக்கும் பின்னணிச் சோதனை நடந்ததா என்றும் கேளுங்கள். இக்கேள்விகளுக்குக் கோபம் பதிலாக வந்தால் அங்கே சேர வேண்டாம்.

சிறிய சபை கலையும்போது பதிவேடுகளும் அதோடு தொலையும். ஒவ்வொரு அருளடையாளத்துக்கும் நாள், இடம், கொடுத்தவர், ஞானப்பெற்றோர் அல்லது சாட்சிகள் பெயரோடு முத்திரையிட்ட சான்றிதழை அன்றே வாங்கி, நகல் ஒன்றை வேறிடத்தில் வையுங்கள்.