அச்சில் ஷார்ட்பிரெட்: பூ வேலைப்பாடு மங்காமல் எடுக்க

ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எடைக் கணக்கு 1:2:3. பொடித்த சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150. மைதாவில் 25 கிராமைக் குறைத்து அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது, மாவு உப்பி அச்சின் கோடுகளை அழித்துவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும். ஒன்றுசேரும் அளவுக்குக் கலந்தால் போதும்.

மர அச்சு அடுப்புக்குள் போகக் கூடாது. உள்ளே அரிசி மாவைத் தூவி, கவிழ்த்துத் தட்டி, மிகுதியை உதறுங்கள். பள்ளங்களில் மாவு தங்கினால் வடிவம் மழுங்கும். கலந்து குளிரவைத்த மாவை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். பிறகு அச்சின் விளிம்பைப் பலகையில் ஓங்கித் தட்டினால் மாவு கழன்று விழும். விழாவிட்டால் கத்தியால் நெம்ப வேண்டாம், அச்சோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததை அரை மணி நேரம் குளிரவைப்பதுதான் மிக முக்கியம். வெண்ணெய் இறுகியிருந்தால்தான் சூட்டில் மாவு பரவாது.

160 டிகிரி செல்சியஸில், அரை அங்குலத் தடிமனுக்கு 25 முதல் 30 நிமிடம். ஓரம் இளம்பொன்னிறமானதும் எடுங்கள்.

பீங்கான் அச்சானால் மெல்ல வெண்ணெய் தடவி, மாவை அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, அச்சோடு சுடலாம். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஓரங்களை நெகிழ்த்திக் கவிழ்த்து, சூடாக இருக்கும்போதே வெட்டுங்கள். ஆறினால் நொறுங்கும்.