அங்கோலாவின் வெளியுறவுக் கொள்கையை வாசிக்கும் முறை

அங்கோலாவின் வெளியுறவுக் கொள்கையைப் புரிந்துகொள்ள விரும்புவோர், அதிபரின் உரைகளைப் படிப்பதற்கு முன், அந்நாட்டின் எண்ணெய் யாருக்கு, எந்தக் கடனுக்கு ஈடாகச் செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2002இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், சிதைந்து கிடந்த சாலைகளையும் ரயில் பாதைகளையும் சீரமைக்கப் பணம் தேவைப்பட்டது. 2004இல் சீனாவின் எக்சிம் வங்கி (அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி), கச்சா எண்ணெய் ஏற்றுமதியைப் பிணையாகக் கொண்டு 200 கோடி டாலர் கடன் வழங்க முன்வந்தது.

அடுத்து, முழக்கங்களை நடைமுறையோடு ஒப்பிடுங்கள். பனிப்போர்க் காலத்தில் மார்க்சியம் பேசிய அங்கோலா அரசு, தன் கபிண்டா மாகாணத்தில் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தைத் தொடர்ந்து இயங்க அனுமதித்தது. அந்நிறுவனத்தின் நிலையங்களுக்குக் காவல் நின்றவர்கள், அரசுக்குத் துணைநின்ற கியூபப் படையினர். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பிற்காலத் திருப்பங்கள் பலவும் எளிதில் விளங்கும் என்பது என் கருத்து.

எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் 2007இல் சேர்ந்த அங்கோலா, உற்பத்தி ஒதுக்கீடு குறித்த பிணக்கால் 2023 டிசம்பரில் விலகலை அறிவித்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் வந்தபோது, அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ ஜனநாயகக் குடியரசின் எல்லை வரை நீளும் ரயில் பாதை முக்கிய இடம்பெற்றது. போருக்குப் பின் அதே பாதையைப் புதுப்பித்தது சீன நிறுவனம். ஆகவே எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும், அது யாருடைய பிடியைத் தளர்த்துகிறது என்று கேளுங்கள்.

அண்டை நாட்டு உறவுகளுக்கு வரைபடமே போதும். எண்ணெய் வளமிக்க கபிண்டாவைப் பிற பகுதிகளிலிருந்து பிரிப்பது காங்கோ ஜனநாயகக் குடியரசின் நிலம். அந்நாட்டுக்கும் ருவாண்டாவுக்கும் இடையே அங்கோலா அதிபர் ஜுவாவ் லொரென்சு சமரச முயற்சியில் இறங்கியதை அதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.