கலைஞர்களுக்கான ஃபெலோஷிப்பும் நிதிநல்கையும்: விண்ணப்பம் எழுதுவது எப்படி?

நிதியுதவி கேட்கும் விண்ணப்பத்தைக் கருணை மனுவாகவோ சாதனைப் பட்டியலாகவோ எழுதிவிடுவதால்தான் நல்ல கலைஞர்கள் பலரின் விண்ணப்பங்கள் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை. "இக்கலைக்காகவே வாழ்ந்து வருகிறேன், ஆதரிக்க வேண்டுகிறேன்" என்ற வரி முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால், பணம் கைக்கு வந்த மறுநாள் காலையில் நீங்கள் என்ன வேலையைத் தொடங்குவீர்கள் என்பது அதைப் படிக்கும் தேர்வுக்குழு உறுப்பினருக்குத் தெரியாது. கூத்து, இசை, நடனம், நாடகம், ஓவியம், சிற்பம், புகைப்படம், ஆவணப்படம் என எத்துறையில் இயங்குபவராக இருந்தாலும், செய்யப்போகும் வேலையைத் தெளிவாகச் சொல்லி, அதற்கு ஆகும் செலவை உங்கள் சொந்த உழைப்புக்கான ஊதியத்தையும் சேர்த்து நேர்மையாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

எந்த அமைப்பிடம் கேட்பது?

ஃபெலோஷிப் பெரும்பாலும் ஆளைப் பார்த்துத் தரப்படுவது. குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் வாழ்க்கைச் செலவைத் தாங்கிக்கொண்டு, உங்கள் கலையில் ஆழ்ந்து இறங்க அது நேரம் தருகிறது. நிதிநல்கை ஒரு திட்டத்தைப் பார்த்துத் தரப்படுவது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலைக்கு ஆகும் செலவை அது ஏற்கிறது. கையில் திட்டமே உருவாகாத நிலையில் நிதிநல்கைக்கு விண்ணப்பிப்பதும், தெளிவான ஒரு தயாரிப்புக்கான செலவை ஃபெலோஷிப் தொகையில் சமாளித்துவிடலாம் என்று நினைப்பதும் வீண் முயற்சிகளாகவே முடியும்.

இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் வழங்கும் ஃபெலோஷிப் இரண்டு ஆண்டுகளுக்கானது. இளநிலைப் பிரிவில் 25 முதல் 40 வயது வரையுள்ளவர்களுக்கு மாதம் 10,000 ரூபாயும், முதுநிலைப் பிரிவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் தரப்படுகின்றன. தொகை மாதந்தோறும் வராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாக வருவதால், வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் அதை நம்பி ஒத்திப்போட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தனி உதவித்தொகை உண்டு. அதற்கு ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். தொகை, வயது வரம்பு, கல்வித் தகுதி ஆகியவை மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரிவிடாமல் படித்துவிடுங்கள். வயது எந்தத் தேதியின்படி கணக்கிடப்படுகிறது என்பதும் அதிலேயே இருக்கும்.

தனியார் அமைப்புகளில் தமிழ்க் கலைஞர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ். 1993இல் தொடங்கப்பட்டு, 1995 முதல் நிதிநல்கை வழங்கிவரும் இந்த அமைப்பு, கலை ஆய்வு, கலைப் படைப்பாக்கம், கலைக் கல்வி, ஆவணக்காப்பகமும் அருங்காட்சியகமும் எனப் பல பிரிவுகளில் உதவுகிறது. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முன்மொழிவுகளை இது ஏற்றுக்கொள்கிறது என்பது நம் கலைஞர்கள் பலருக்கு இன்னும் எட்டாத செய்தி. ஆங்கிலம் வராது என்ற ஒரே காரணத்தால் முயற்சியே செய்யாமல் இருக்கும் கூத்து வாத்தியார்களையும் பறையிசைக் குழுக்களையும் நினைக்கும்போது, இச்செய்தி ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இங்கிலாந்து சென்று குறுகிய காலம் ஆய்வோ பயிற்சியோ மேற்கொள்ள விரும்புவோர் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்டை அணுகலாம். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் கலைஞர்கள், 1925இல் நிறுவப்பட்ட குகன்ஹைம் ஃபெலோஷிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியும். ஐந்து ஆண்டுகளில் எட்டு லட்சம் டாலர் தரும் மெக்ஆர்தர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பமே கிடையாது. பிறர் பரிந்துரைத்து, அமைப்பே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே, ஒரு நிதியுதவியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அது விண்ணப்பித்துப் பெறுவதா, பரிந்துரையின் பேரில் வருவதா என்பதை முதலில் பார்த்துவிட்டால் வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம்.

ஓர் அமைப்பைத் தெரிவு செய்த பின், அது கடந்த சில ஆண்டுகளில் யார் யாருக்கு, எதற்காக நிதி அளித்தது என்ற பட்டியலை அதன் தளத்தில் தேடிப் படியுங்கள். அமைப்பு தன்னைப் பற்றிச் சொல்லும் அறிமுகத்தைவிட இந்தப் பட்டியல்தான் அதன் உண்மையான விருப்பத்தைக் காட்டும்.

முன்மொழிவை எழுதுதல்

நல்ல முன்மொழிவின் மையக் கருத்தை ஓரிரு வாக்கியங்களில் சொல்லிவிட முடியும். பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய புகைப்படத் தொடர் மேற்சொன்ன பெங்களூர் அமைப்பின் நிதியுதவி பெற்றது. ரவிவர்மா ஓவியங்கள், திரைப்படக் காட்சிகள், ஆங்கிலேயர் காலத்து இனவியல் புகைப்படங்கள் ஆகியவற்றில் பெண் எப்படிச் சித்திரிக்கப்பட்டாள் என்பதை, அக்காட்சிகளில் தானே வேடமேற்று நின்று மறுபடி படம்பிடித்துக் காட்டுவது என்பதே அதன் கருத்து. கேட்டவுடன் வேலை கண்முன் விரிகிறது. என்னென்ன பொருள் தேவைப்படும், எத்தனை பேர் உழைக்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைக்கூட ஊகிக்க முடிகிறது. உங்கள் திட்டத்தையும் இந்த அளவுக்குத் திரட்டிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தெருக்கூத்தைச் சேர்ந்த ஒருவர், "அழிந்துவரும் நம் பாரம்பரியக் கலையைக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்வதே என் நோக்கம்" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குழுவின் மேசையில் இதே வாக்கியம் கொண்ட வேறு பல விண்ணப்பங்களும் இருக்கும். அவரே பின்வருமாறு எழுதினால் நிலைமை மாறிவிடும்: "கூத்தில் வேடம் கட்டுபவர் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டி உருவாக்கப்படுகின்றன. செய்யாறு வட்டாரத்தில் இவ்வேலையை முழுமையாக அறிந்த மூன்று முதியவர்களிடம் ஓராண்டு உடனிருந்து பயின்று, துரியோதனன் வேடத்துக்கான ஒரு முழுத் தொகுதியைச் செய்து முடிப்பேன். மரம் தெரிவு செய்வது முதல் கண்ணாடி ஒட்டுவது வரை ஒவ்வொரு நிலையையும் படமாகவும் அளவுக் குறிப்பாகவும் பதிவு செய்வேன். அடுத்த திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்தில் அந்த அணிகலன்கள் மேடையேறும்." இங்கே கலையைக் காப்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும், காக்கும் வேலை எப்படி நடக்கும் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

இத்திட்டத்தைச் செய்ய நீங்கள்தான் பொருத்தமானவர் என்பதை அடுத்துச் சொல்லுங்கள். வாங்கிய பட்டங்களையும் பொன்னாடைகளையும் அடுக்குவதைவிட, "அந்த மூவரில் ஒருவரிடம் ஏற்கெனவே இரண்டு புஜக்கட்டைகள் செய்யக் கற்றேன்" என்ற ஒரு வரி வலுவானது. கூடவே, திட்டத்தில் எது சிக்கலாகலாம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மழைக்காலத்தில் மரம் உலராது, ஆசான்களில் ஒருவருக்கு உடல்நலம் குன்றலாம் என்று முன்கூட்டியே குறிப்பிட்டு, அப்போது என்ன செய்வீர்கள் என்றும் சொல்பவரிடம் நிதி தருவோருக்கு நம்பிக்கை கூடுகிறது.

மாதிரிப் படைப்புகளை அனுப்புவதில் குறைவாக அனுப்புவதே மேல். ஒரு மணி நேர மேடைப் பதிவை அப்படியே இணைத்தால் அதன் முதல் சில நிமிடங்கள்தான் பார்க்கப்படும். அங்கே விளக்கேற்றலும் விருந்தினர் உரையும் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் கலை பார்வைக்கே வராமல் போய்விடும். எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று குறித்து அனுப்புங்கள், அல்லது மூன்று நிமிடத் துண்டாக வெட்டி அனுப்புங்கள்.

ஆங்கிலத்தில் மட்டுமே விண்ணப்பம் கேட்கும் அமைப்பாக இருந்தால், முதலில் முழுவதையும் தமிழில் எழுதி முடித்துவிட்டு, உங்கள் கலையை நன்கு அறிந்த ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கினால், தெரிந்த சொற்களுக்குள் சிந்தனை சுருங்கிவிடுகிறது. இணையக் கருவியை மட்டும் நம்பினால், கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் யார் என்பதே தலைகீழாகிவிடக்கூடும்.

வரவுசெலவுத் திட்டம்

தேர்வுக்குழுவினர் பலர் முன்மொழிவைப் படிப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கலைஞர் எழுதிய வேலையும் அவர் கேட்கும் பணமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை இங்கேதான் கண்டுகொள்ள முடியும்.

மேற்சொன்ன கூத்து அணிகலன் திட்டத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். விண்ணப்பதாரரின் ஊதியம் மாதம் 8,000 வீதம் 12 மாதங்களுக்கு 96,000 ரூபாய். மூன்று ஆசான்களுக்கு மதிப்பூதியம் தலா 15,000 வீதம் 45,000. மரம், கண்ணாடி, வண்ணம் முதலிய பொருட்களுக்கு 30,000. பயணத்துக்கு மாதம் 3,000 வீதம் 36,000. ஒளிப்பதிவுக் கருவி வாடகையும் ஒளிப்பதிவாளர் கூலியும் 40,000. பதிவுகளைச் சேமிக்க வன்தட்டுகள் 10,000. நேர்காணல்களை எழுத்தாக்கித் தட்டச்சு செய்ய 18,000. எதிர்பாராச் செலவு 25,000. கேமராவை விலைக்கு வாங்குவதாக எழுதாமல் வாடகை என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கருவி வாங்கவும் கட்டடம் கட்டவும் பல அமைப்புகள் பணம் தருவதில்லை.

இக்கணக்கில் முதல் வரிதான் மிக முக்கியமானது, நம் கலைஞர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதுவே. பொருளுக்கும் பயணத்துக்கும் கணக்கு எழுதிவிட்டு, ஓராண்டு முழுக்கத் தாம் உழைக்கப்போவதற்கு ஒரு ரூபாய்கூட எழுதாமல் அனுப்பிவிடுகிறார்கள். கலைக்காகச் செய்வதற்குக் கூலி கேட்பதா என்ற கூச்சம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அக்கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது கலைஞரின் குடும்பத்தை வருத்துகிறது, திட்டத்தையும் பாதியில் நிறுத்திவிடுகிறது. நான்காம் மாதத்தில் வீட்டுச் செலவுக்காக வேறு வேலைக்குப் போக நேர்ந்தால் அணிகலன் செதுக்குவது யார்? அனுபவமுள்ள தேர்வுக்குழுவினர், ஊதியமே எழுதப்படாத கணக்கைப் பார்த்தால் இவர் திட்டத்தை முடிப்பாரா என்றே ஐயப்படுவார்கள். ஆசான்களுக்கான மதிப்பூதியமும் அப்படியே. அவர்களுடைய அறிவைப் பதிவு செய்துகொண்டு ஒரு சால்வையோடு நிறுத்திவிடுவது முறையாகாது.

ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப உள்ளே நிரப்பிய கணக்கு எளிதில் அகப்பட்டுக்கொள்ளும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கப்பட்டால், புகழ்பெற்றவரை நாடுவதைவிட உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரை நாடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது முன்மொழிவின் படியுடன் அவரிடம் கேட்டுவிட வேண்டும்.

கிடைக்காவிட்டாலும், கிடைத்த பின்னும்

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், காரணம் சொல்ல இயலுமா என்று பணிவுடன் கேட்டு எழுதுங்கள். சில அமைப்புகள் பதில் தருகின்றன. சிறிய நிதிநல்கைகளை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். தமிழகத்தின் உழைக்கும் மக்களைத் தொடர்ந்து படமெடுத்துவரும் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், 2020இல் சம்யக் திருஷ்டி - போட்டோ சவுத் ஏசியா நிதிநல்கையையும், 2021இல் ஆம்ப்ளிஃபை நிதிநல்கையையும் பெற்று, 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் ஆனார். ஒன்றைச் செய்து முடித்ததற்கான சான்று, அடுத்த விண்ணப்பத்தில் எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும்விட அதிகம் பேசும்.

நிதி உறுதியானதும் வரும் ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் முழுவதும் படியுங்கள். படைப்பின் காப்புரிமை யாருக்கு, பதிவுகளை அமைப்பு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எந்தெந்தத் தேதியில் அறிக்கை தர வேண்டும், தவணைகள் எப்போது வரும் ஆகிய நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வருமான வரி பிடித்தம் உண்டா என்பதை ஓர் ஆடிட்டரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழுவாகப் பதிவு செய்துகொண்டவர்கள் வெளிநாட்டு நிதியைப் பெறுவதாயின், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். அது இல்லாமல் பணம் பெறுவது சட்ட மீறலாகிவிடும்.

வேலை நடக்கும்போதே ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ரசீது தர வழியில்லாத ஊரில் வண்டிக்கும் உணவுக்கும் செலவிட நேர்ந்தால், தேதி, தொகை, காரணம் எழுதிப் பணம் பெற்றவரிடம் கையொப்பம் வாங்கிய வவுச்சரை அமைப்பு ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் இடைக்கால அறிக்கையும் கணக்கும் ஏற்கப்பட்ட பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படும். திட்டம் தாமதமானாலோ திசை மாறினாலோ, அறிக்கை நாள் வரை காத்திருக்காமல் உடனே எழுதித் தெரிவித்து, கால நீட்டிப்பையோ செலவுத் தலைப்பு மாற்றத்தையோ எழுத்துமூலம் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.