கட்டாயமில்லாத நேர்காணலுக்குப் போகலாமா? அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போருக்கு

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலரைத் தடுமாற வைப்பது, "நேர்காணல் கட்டாயமில்லை" என்ற ஒற்றை வரிதான். இதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை.

படி 1: கல்லூரி தரும் மதிப்பைப் பாருங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதிலுள்ள சி7 அட்டவணையில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றோடு நேர்காணலுக்கும் ஒரு வரி உண்டு. 'மிக முக்கியம்' என்பதில் தொடங்கி 'கருத்தில் கொள்வதில்லை' என்பது வரையுள்ள நான்கு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டிருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் குறி இருந்தால், அந்த நேரத்தைக் கட்டுரைக்குச் செலவிடுங்கள்.

படி 2: நடத்துபவர் யார் என்று அறியுங்கள். சில இடங்களில் சேர்க்கை அலுவலர் பேசுவார், ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்றவற்றில் முன்னாள் மாணவர்கள் தன்னார்வத்தோடு பேசுகிறார்கள். எல்லோருக்கும் ஆள் கிடைப்பதில்லை என்பதால், அழைப்பு வராதது விண்ணப்பத்தைப் பாதிக்காது என்று இவ்விரு நிறுவனங்களும் தெளிவாகவே சொல்கின்றன.

படி 3: நேர்காணலைக் கருத்தில் கொள்ளும் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இது என் உறுதியான கருத்து. நேர்காணல் மட்டுமே இடம் வாங்கித் தந்துவிடாது. ஆனால் காகிதத்தில் அடங்காத உங்கள் ஆர்வத்தை, நேர்காணல் நடத்துபவர் தம் சொற்களில் கல்லூரிக்கு எழுதி அனுப்பும் வாய்ப்பு இது. தேர்வு நாளோடு மோதினால் மறுக்காமல் வேறு தேதி கேளுங்கள்.

படி 4: தயாராகுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் பெரும்பாலும் உங்கள் மதிப்பெண்ணையோ கட்டுரையையோ பார்த்திருக்க மாட்டார்கள். எனவே அவர்களுக்கு நீங்கள் முற்றிலும் புதியவர். "எனக்கு இயற்பியல் பிடிக்கும்" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "பழுதான வானொலியைப் பிரித்தேன், பேட்டரியை மாற்றியும் ஒலி வரவில்லை, மூன்றாம் நாள்தான் ஒரு கம்பியின் பற்றவைப்பு விட்டிருந்ததைக் கண்டேன்" என்று சொன்னால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரே கேட்பார். இப்படி இரண்டு அனுபவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள். இணையதளத்தில் விடை கிடைக்காத ஒரு கேள்வியையும், அவர் அங்கு படித்த நாள்களைப் பற்றியதாக, எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: மறுநாளுக்குள் நன்றி மடல் அனுப்புங்கள். உரையாடலில் உங்கள் மனத்தில் நின்ற ஒன்றைக் குறிப்பிட்டு மூன்று வரி எழுதினால் போதும்.