மரத்துக்குத் தீத்தடுப்பு உப்புகள்: பூசுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரையானுக்கும் உளுப்புக்கும் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்துப் பூசுவது பலருக்குப் பழக்கமான வேலை. அதே கரைசல் தீயையும் தடுக்கும் என்று கேள்விப்பட்டதும், "ஏற்கெனவே பூசியாகிவிட்டதே, இனி மரம் எளிதில் தீப்பிடிக்காது" என்று நிம்மதியாகி விடுகிறோம். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பூச்சியை விரட்ட, ஒரு கனமீட்டர் மரத்துக்குச் சில கிலோ போரான் உப்பு போதும். தீ பரவுவதைக் குறைக்க வேண்டுமானால், பொதுவாகக் கனமீட்டருக்கு 40 முதல் 80 கிலோ வரை உப்பு மரத்துக்குள்ளே போயிருக்க வேண்டும். பொருள் ஒன்றாக இருக்கலாம், அளவு எங்கேயோ இருக்கிறது.

அவ்வளவு உப்பைத் தூரிகையால் ஏற்ற முடியாது. ஆலைகளில் மூடிய உருளைக்குள் மரத்தை அடுக்கி, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். வைரம் பாய்ந்த பகுதி அதற்கும் எளிதில் இடம் கொடுக்காது. பழைய வார்னிஷ், பெயின்ட் மேலேயே கரைசலைப் பூசுவது இன்னும் வீண். அது மரத்தைத் தொடுவதுகூட இல்லை. கையால் பூசத்தான் முடியும் என்றால், சூட்டில் நுரைத்துப் பொங்கும் வகையில் தயாரித்து, சோதனைச் சான்றோடு விற்கும் தீத்தடுப்புப் பூச்சை வாங்கி, அதில் சொன்ன கனத்துக்குப் பூசுங்கள்.

இந்த உப்புகள் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் மற்ற தவறுகள் தாமாகவே புரியும். மரம் அப்படியே எரிவதில்லை. சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது சிதைந்து வாயுக்களை விடுகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அம்மோனியம் பாஸ்பேட் போன்றவை மரத்தைச் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கரியாகவும் நீராகவும் மாறும் பக்கம் தள்ளிவிடுகின்றன. எரியும் வாயு குறைகிறது, கரி கூடுகிறது, அந்தக் கரி உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாகிறது. போரான் உப்புகள் உருகிக் கண்ணாடி போல் படர்கின்றன. பூச்சுகளில் சேர்க்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு சுமார் 200 டிகிரியில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. எதுவுமே மரத்தை எரியாப் பொருளாக மாற்றுவதில்லை. தப்பி ஓடவும் அணைக்கவும் நேரம் வாங்கிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

வெங்காரத்தை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. வெங்காரம் சுவாலை பரவுவதைக் குறைக்கும். ஆனால் சுவாலை அடங்கிய பிறகு தணல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போவதை அது தடுக்காது, சில சமயம் வளர்க்கவும் செய்யும். போரிக் அமிலம் நேர்மாறு: தணலை அடக்கும், சுவாலையை அவ்வளவாகத் தடுக்காது. அதனால்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். கரைவதிலும் இந்தக் கூட்டு உதவுகிறது. 20 டிகிரி நீரில் தனித்தனியே 100 மில்லிக்கு 5 கிராம்கூடக் கரையாத இவை, சேர்ந்தால் கணிசமாக அதிகம் கரையும். கொதிநீரில் ஒன்றை மட்டும் நிறையக் கரைத்துவிட்டு ஆறிய பிறகு பூசினால், பாதி உப்பு வாளியின் அடியில் படிகமாகக் கிடக்கும்.

"எல்லாம் தீயைத் தடுப்பவைதானே" என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலக்கவும் வேண்டாம். தீத்தடுப்புப் பூச்சாகப் பயன்படும் சோடியம் சிலிக்கேட்டில் அமிலத்தன்மை உள்ள எதைச் சேர்த்தாலும் கரைசல் கூழாகத் திரண்டுவிடும். அம்மோனியம் உப்பில் வெங்காரம் போன்ற காரத்தைச் சேர்த்தால் அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும். அப்புறம், உர மூட்டையில் வரும் டி.ஏ.பி.யும் (டை அம்மோனியம் பாஸ்பேட்) தொழில்துறைத் தரப் பாஸ்பேட்டும் ஒன்றல்ல. உரத்தில் கரையாத கசடு இருக்கும்.

இன்றைய தீயை மட்டும் நினைத்து, நாளைய மரத்தை மறந்துவிடுவதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படிகாரம் மிகப் பழைய தீத்தடுப்புப் பொருள். கி.மு. 86 வாக்கில், ஏதென்ஸ் துறைமுக முற்றுகையின்போது படிகாரம் பூசிய மரக்கோபுரத்தை ரோமானியர்களால் கொளுத்த முடியவில்லை என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. ஆனால் படிகாரம் மரத்துக்குள் நீண்ட காலம் இருந்தால் என்ன ஆகும்? நார்வேயில் 1904-ல் தோண்டியெடுத்த ஓசபெர்க் என்ற வைக்கிங் கப்பல் புதையலின் மரப்பொருள்கள் பலவற்றை, சிதையாமல் காக்க எண்ணிச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தார்கள். அதிலிருந்து உண்டான கந்தக அமிலம் அந்த மரத்தை உள்ளிருந்தே அரித்து, இன்று பல துண்டுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன. 1980-களில் அமெரிக்காவில் தீத்தடுப்பு செய்த கூரை பிளைவுட்டிலும் இதே கதைதான்: கூரைச் சூட்டில் சில வகை உப்புகள் அமிலமாகி, பலகைகள் சில ஆண்டுகளிலேயே கருத்து நொறுங்கின. பாரம் தாங்கும் இடத்துக்கும் வெயில் இறங்கும் கூரைக்கும், உயர் வெப்பத்துக்கென்று சோதித்த தயாரிப்பைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

மழையும் ஈரமும் இன்னொரு பகை. போரான் உப்புகள் மரத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும். சோடியம் சிலிக்கேட் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து வெள்ளையாகப் பூத்து உதிரும். தீத்தடுப்புக்காக மரச்சட்டத்தின் மேல் மக்னீசியப் பலகை அடிப்பவர்களுக்கு டென்மார்க் ஒரு பாடம்: 2010 முதல் சில ஆண்டுகள் அங்கே கட்டிடங்களில் பொருத்திய மக்னீசியம் ஆக்சிகுளோரைடு பலகைகள் காற்றின் ஈரத்தை இழுத்து, உப்புநீராகக் கசிந்து, ஆணிகளைத் துருப்பிடிக்க வைத்து, பக்கத்து மரத்தையும் நனைத்தன. அம்மோனியம் உப்பு ஏறிய மரத்துக்கும் சாதாரண இரும்பாணி ஆகாது. துருப்பிடிக்காத எஃகோ, நல்ல துத்தநாக முலாம் பூசியதோ வேண்டும்.

வேலை வரிசையும் முக்கியம். அறுத்து, இழைத்து, துளையிட்டு முடித்த பிறகுதான் உப்பேற்ற வேண்டும். பிறகு இழைத்தால், உப்பு நிறைந்திருக்கும் மேல்தோலே சீவலாகப் போய்விடும். பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசையை வெங்காரம் திரளச் செய்துவிடும், ஆகவே ஒட்டும் வேலையையும் முன்பே முடியுங்கள். உலர்த்தும்போது 71 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் மரத்தின் வலு குறையும். நன்றாகக் காயாமல் வார்னிஷ் அடித்தால் அது உரிந்து வரும்.

தூளைக் கையாளும்போது முகமூடியும் கையுறையும் அவசியம். போரிக் அமிலத்தை, இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. உணவு படும் பலகையிலோ குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மையிலோ இதைப் பூசவே கூடாது. மிச்சக் கரைசலைச் செடிக்கு ஊற்றினால், போரான் மிகுந்து செடி கருகிவிடும்.

கடைசியாக, ஒரு மரத்துண்டில் லைட்டரைக் காட்டி, "பாருங்கள், பிடிக்கவில்லை" என்று திருப்திப்படுவது. பூசாத தடித்த பலகையும் லைட்டர் சுடருக்கு உடனே பிடிக்காது. மேற்பரப்பில் தீ பரவுவதை அளக்கும் ஏ.எஸ்.டி.எம். இ 84 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில் ஏறக்குறைய 7.3 மீட்டர் நீள மாதிரியை 10 நிமிடம் தீயில் வைக்கிறார்கள். தீத்தடுப்பு மரம் என்று ஏற்க அதை 30 நிமிடம் வரை நீட்டுகிறார்கள். மரத்தை வாங்கும்போது அதில் முத்திரை இருக்கிறதா, எந்தச் சோதனை, எத்தனை நிமிடம், உள்ளிடத்துக்கா வெளியிடத்துக்கா என்று கேட்டுப் படித்துப் பாருங்கள்.